மன்னிப்பம்மா

சபையில் அவளை மன்னிப்பம்மா என்று முதலில் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு பெண்கள் சங்கத்துக்குத் தொற்றிக்கொண்டது. மூன்றாவது வருஷம் ஆயரே மைக்கில், "நம்ம மன்னிப்பம்மா முன்னால வாங்க" என்றார். அன்றோடு அது நிலைத்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சூடான உருளைக்குள் போய் வெளியே வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்துவந்து மடிக்க வேண்டும். நாளைக்கு நானூறு விரிப்பு. எதிர்முனையைப் பிடிக்கிறவள் ஏழெட்டு வயது இளையவள், சரியான வாயாடி. "ஒரு நாளைக்கு நானூறு தடவை உன் மூஞ்சியைக் கிட்டத்துல பாக்குறேன்க்கா. என் புருஷன் மூஞ்சிகூட எனக்கு இவ்வளவு பழக்கமில்ல" என்பாள்.

மன்னிப்பம்மாவுக்கும் ஒரு புருஷன் இருந்தான். பஸ் கண்டக்டர். மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, வேறு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள், போய் வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு தாயும் மகளும் மட்டும்தான். மகள் நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சாப்பிடுவாள், தூக்கத்திலும் ஏதாவது முணுமுணுப்பாள். காலையில் இருவரும் சேர்ந்தே வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். ஆஸ்பத்திரி முக்கில் தாய் ஒரு பக்கம் திரும்ப, மகள் மரக்கடையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள்.

மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், அது நடந்தது. அன்று மரக்கடை டிரைவர் வேலைக்கு வரவில்லை. மரம் ஏற்றின வண்டியை மரக்கடைக்காரரே பின்னால் எடுத்தார். பின்னால் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் தோளில் கைவைத்து, "உடனே போயிடுச்சும்மா. பிள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அடக்கத்தைத் தாண்டினாள். பிள்ளையைக் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில், மதிலோரமாக வைத்தார்கள். கண்டக்டரைத் தேடி இரண்டு பேரை அனுப்பினார்கள். ஆள் அகப்படவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் சாம்பல் புதன். மறுநாளே ஆயர் வீட்டுக்கு வந்தார். அந்தச் சபையில் தவக்காலத்தின் முதல் வெள்ளியை ஒப்புரவு வெள்ளி என்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் பீடப்படிக்கு வந்து, எல்லார் முன்னிலையிலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக வருகிறவர்கள் மதில்சுவர்த் தகராறுக்காரர்கள், முகம் பார்க்காத ஓரகத்திகள், பாடகர் குழுவில் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டவர்கள்.

"மரக்கடைக்காரர் சோறு தண்ணி இல்லாம கிடக்கிறார்மா" என்றார் ஆயர். "நீ ஒரு வார்த்தை சொன்னா அந்த மனுஷன் பிழைச்சுக்குவார்."

அவள் போனாள். மரக்கடைக்காரர் தலையைக் குனிந்தபடி, "என் கையால ஒரு பிள்ளை போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெரிய உடம்பு குன்றி நின்றதைப் பார்த்து அவளே முந்திப்போய் அவர் கையைப் பிடித்தாள். "நான் உங்களை மன்னிச்சுட்டேன், அண்ணே" என்றாள். அன்று அவள் பொய் சொல்லவில்லை. சபை முழுக்க அழுதது. அடுத்த வாரம், அது தற்செயலாக நடந்ததுதான் என்று ஆயர் காட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த வருஷம் தவக்காலம் நெருங்கியதும் ஆயர் மறுபடி வந்தார். "போன வருஷம் நடந்ததை ஜனங்க இன்னும் பேசிக்கிட்டிருக்காங்கம்மா. எத்தனை குடும்பம் ஒண்ணு சேர்ந்திருக்கு தெரியுமா? இந்த வருஷம் வெளியிலிருந்தும் வர்றாங்க. ஒரு சாட்சியா வெச்சுக்கலாம்."

போன வருஷம் ஒரு வரி பேசிய மரக்கடைக்காரர் இந்த வருஷம் பத்து நிமிஷம் பேசினார். மண்டியிட்டார். மூன்றாம் வருஷம் தன் கனவில் பிள்ளை வந்ததாகச் சொன்னார். ஆயரம்மா அவளுக்கு ஒரு வெள்ளை உடை தைத்துக்கொடுத்து, "மைக் முன்னால நிக்கும்போது எடுப்பா இருக்கணும்ல" என்றாள். நாலாம் வருஷத்திலிருந்து மற்ற வெள்ளிக்கிழமைகளில் வேறு சபைகளுக்கும் போக வேண்டியதாயிற்று. மரக்கடைக்காரர் தன் காரிலேயே கூட்டிப்போவார். முன்னால் அவரும் ஆயரும், பின்னால் ஆயரம்மாவும் அவளும். அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் மட்டும் பாட்டை முணுமுணுத்தபடி, பின்னால் திரும்பிப் பார்த்து, நிதானமாக எடுப்பார். இப்போதெல்லாம் ரொம்பக் கவனம்.

அதற்குள் அவர் சபைச் செயலாளராகிவிட்டார். தெருவில் நடந்தால் பத்துப் பேர் நின்று கும்பிட்டார்கள். "என்னா மனசு பாருங்க, இத்தனை பேர் முன்னால தப்பை ஒத்துக்க யாருக்கு தைரியம் வரும்" என்றார்கள். அவளைப் பார்த்தும் கும்பிட்டார்கள்தான். ஆனால் யாரும் அவள் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைகள் சண்டை போட்டால், "மன்னிப்பம்மாகிட்ட கூட்டிப் போயிடுவேன்" என்று ஒரு தாய் மிரட்டியதை அவளே காதால் கேட்டாள். கல்யாண வீடுகளுக்கு அவளுக்கு அழைப்பு வருவது நின்றது. வந்து உட்கார்ந்தால் எல்லாருக்கும் செத்த பிள்ளை நினைவு வருமே.

"ஏன்க்கா போற?" என்று எதிரில் நின்று மடிக்கிறவள் கேட்டாள். "வாய் வலிக்குதுன்னு சொல்லிட்டு வீட்ல கிடக்க வேண்டியதுதானே?"

"அங்க மட்டும்தான்டி அவளைப் பத்திப் பேசுறாங்க" என்றாள் மன்னிப்பம்மா. "வேற எங்கயும் யாரும் பேசுறதில்ல."

ஆறாம் வருஷம் வந்தது. ஒரே கதையை ஜனங்கள்தான் எத்தனை தரம் கேட்பார்கள்? அழுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பின் பெஞ்சில் ஒருவர் கொட்டாவி விட்டதைப் படியில் நின்ற அவளே பார்த்தாள். மரக்கடைக்காரரும் பார்த்திருக்க வேண்டும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா இதை நான் யார்கிட்டயும் சொல்லல. பிள்ளைக்கு உடனே உயிர் போகல. கண்ணைத் திறந்து என்னைப் பாத்துச்சு. 'எங்க அம்மா எங்க'ன்னு கேட்டுச்சு. நான் பயந்துபோய் வண்டியை விட்டு இறங்காம கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பாவி! நான் பாவி!"

கோயிலே கதறியது. கொட்டாவி விட்டவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஆயர் அவள் முழங்கையைத் தொட்டு மைக்குக்கு முன்னால் நகர்த்தினார். அவள் காதுக்குள் உருளை இயந்திரம் ஓடுவது மாதிரி இரைந்தது. ஆனால் வாய் பழகிப்போயிருந்தது. "நான் உங்களை மன்னிச்சுட்டேன், அண்ணே" என்றது.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் அந்த வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் விரிப்பை மடித்தபடியே மடிக்கிறவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் மடிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "இரு, அக்கா. வண்டியை விட்டு இறங்கவே இல்லன்னா, பிள்ளை பின்னால கிடந்து பேசினது அந்த ஆளுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

அதுதான் அவளுக்கும் பிடிபடவில்லை. வேலை முடிந்ததும் நேரே மரக்கடைக்குப் போனாள். ஆறு வருஷத்தில் அந்த வாசலை அவள் மிதித்ததே இல்லை. கோயிலுக்குக்கூடச் சுற்றுவழியாகவே போய்வந்தாள். மரக்கடைக்காரர் அளவுக்கோலோடு பலகை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சுமைக்காரர் ஒருவர் பலகை தூக்கிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி" என்றார் மரக்கடைக்காரர்.

"அண்ணே, நேத்து சொன்னீங்களே. பிள்ளை பேசினது. அது நிஜமா?"

அவர் அளவுக்கோலைக் கீழே வைத்தார். "ஏன் கேக்குற?"

"டாக்டர் உடனே போயிடுச்சுன்னு சொன்னாரு. நான் அதை வெச்சுக்கிட்டுதான் இருக்கேன். என்னைத் தேடிச்சா? சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எங்கோ வைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி. பிறகு கையை விரித்தார். "எனக்கே இப்ப தெரியல தங்கச்சி. இத்தனை தரம் சொல்லியாச்சு. எது நடந்தது, எது கனவுல வந்ததுன்னு பிரிச்சுப் பாக்க முடியல."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

அவர் முகம் மாறியது. "ஏன் இப்ப இதைக் கிளறுற? மன்னிச்சாச்சில்ல? மன்னிச்சப்புறம் கணக்குக் கேட்டா அதுக்குப் பேர் என்ன? போ, வேலை நேரம்."

அவள் வெளியே வந்தாள். அடுத்த வெள்ளி வேறொரு சபை, புதுச் சபை, பெரிய கூட்டம். போகாமல் இருந்திருக்கலாம். அவர் இந்த முறை என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. போனாள்.

இந்த முறை பிள்ளை, "வலிக்குது அங்கிள், அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றது. அவர் கையைப் பிடித்துக்கொண்டது. "உங்கமேல எனக்குக் கோபமில்ல" என்றுகூடச் சொன்னது. முன்வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எல்லாம் அடங்கியபின் மைக் அவளிடம் வந்தது.

சபை காத்திருந்தது. ஆயர் மெல்ல இருமினார்.

"போன வாரம் எங்க அம்மா எங்கன்னு மட்டும்தான் கேட்டுச்சு" என்றாள் அவள். "இந்த வாரம் இவ்வளவு பேசுது. பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு இவர் முதல்ல ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறம் நான் மன்னிக்கிறேன்."

திரும்பி வந்து, அவளைக் காரிலிருந்து இறக்கிவிடும்போது ஆயரம்மா, "நீ கெட்டது போதாதுன்னு அவரையும் கொல்லப் பாக்குற" என்றாள். அந்த வெள்ளை உடையைத் துவைத்து அனுப்பிவிடச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மரக்கடைச் சுமைக்காரர் சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது ஆள், தோளில் மரம் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்துபோயிருந்தார்.

"அன்னிக்கு நீங்க கடையில கேட்டது என் காதுல விழுந்துச்சும்மா" என்றார். "பிள்ளை ஒண்ணும் பேசல. பேச முடியல. ஆனா மூச்சு இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம். முதலாளி இறங்கல. நான்தான் உள்ள தூக்கிட்டு வந்து மடியில வெச்சிருந்தேன்."

அவள் பின்னாலிருந்த கதவைக் கையால் காட்டினாள். "இந்தா இங்கதானே இருந்தேன். ரெண்டு தெரு. ஓடி வந்து சொல்லியிருந்தா..."

"ஓடத்தான்மா எழுந்தேன். வக்கீல் வர்ற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாதுன்னு கேட்டைச் சாத்தச் சொல்லிட்டாரு." சுமைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வக்கீல் வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம்."

"நீங்க அவகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"அம்மா வந்துக்கிட்டிருக்காங்க பாப்பான்னு சொன்னேன். பொய்தான். வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"ஆயர்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. "என் ரெண்டு மகனும் அங்கதான்மா வேலை பாக்குறாங்க." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் உள்ளே போய், வரிசையில் காத்திருந்த விரிப்பின் முனைகளைப் பிடித்தாள். அன்று எதிரில் நின்றவளே முக்கால்வாசித் தூரம் நடந்துவந்து மடித்தாள்.

ஆயரிடம் தனியாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பாவின்னு அவரே ஒத்துக்கிட்டாரேம்மா. அதுக்கு மேல என்ன வேணும்?"

"கேட்டைச் சாத்தினதை ஒத்துக்கலையே, ஐயா."

"எல்லாத்தையுமா மைக்ல சொல்ல முடியும்?" என்றார் ஆயர். "இது தவக்காலம். அவரவர் மனசை அவரவர் பார்க்க வேண்டிய நேரம். நீ அடுத்தவர் மனசைத் தோண்டிக்கிட்டு இருக்க. உனக்குள்ள கசப்பு வேர் விட்டுடுச்சும்மா. ஜெபம் பண்ணு."

மூன்றாம் வெள்ளி சொந்தச் சபையிலேயே கூட்டம். போன வாரம் விட்டுப்போன மன்னிப்பைச் சரிக்கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மரக்கடைக்காரர் பேசி முடித்ததும் ஆயர், "பிள்ளையைப் பெற்ற தகப்பன் இன்னிக்கு நம்ம நடுவுல இருக்கிறார்" என்றார். பக்கவாட்டுக் கதவு வழியாகக் கண்டக்டர் வந்தான். அடக்கத்துக்குத் தேடியும் கிடைக்காதவன், ஆயர் தேடியதும் ஐந்தே நாளில் கிடைத்துவிட்டான். தலை நரைத்திருந்தது. புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"எங்க பொண்ணு எனக்கு உசிரு" என்றான் மைக்கில். "எட்டு வயசு. எட்டு வயசுல அவளை இழந்தேன். ஆனாலும் உங்களை நான் மன்னிக்கிறேன்."

"ஒம்பது" என்றாள் அவள்.

இரண்டு ஆண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஒம்பது" என்றாள் மறுபடியும், சத்தமாக. முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "உஷ்" என்றாள்.

கூட்டம் முடிந்து வாசலில் கண்டக்டர் அவளைக் கண்டுகொண்டான். "எப்படி இருக்க?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளை எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். அவள் மதிலோரத்தைக் கையால் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் பார்த்தான். அதற்குள் யாரோ, "வாங்க, சாப்பாடு ரெடி" என்று கூப்பிட, போய்விட்டான்.

பெரிய வியாழனன்று திருவிருந்து. எல்லாரோடும் அவளும் போய்ப் பீடக் கம்பியருகே மண்டியிட்டுக் கையை நீட்டினாள். ஆயர் அப்பத் தட்டோடு வரிசையாக வந்தார். அவளுக்கு இடப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தார். ஒரு அடி எடுத்து வைத்து, வலப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தார். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர்கள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். மற்றவர்கள் எழுந்து போனபிறகு அவளும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கோயிலை விட்டுத் தொலைக்கா" என்றாள் மடிக்கிறவள். "ஊர்ல வேற கோயிலா இல்ல?"

"அவ அங்க இருக்காளே" என்றாள். "நான் போகலன்னா மதிலோரத்துல புல்லு மண்டிடும்."

ஆகவே போய்க்கொண்டேயிருந்தாள். கடைசி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒரு வகையில் வசதிதான், பையை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தவக்காலத்திலும் மரக்கடைக்காரரும் கண்டக்டரும் அந்தக் காரில் வெளிச் சபைகளுக்குக் கிளம்புவதைப் பார்த்தாள். கண்டக்டருக்கு மரக்கடையிலேயே ரசீது போடுகிற வேலை கிடைத்துவிட்டது. அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. சுமைக்காரர் மட்டும் எப்போதாவது தெருவில் எதிர்ப்பட்டால் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, கும்பிட்டுவிட்டுப் போவார்.

நாலு வருஷம் கழித்து மரக்கடைக்காரர் இதயம் நின்று செத்துப்போனார். தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்றார்கள். அடக்க ஆராதனைக்குக் கோயில் கொள்ளவில்லை. அவர் சாட்சி சொன்ன சபைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். இடமில்லாததால் கடைசி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவள் வெளிச் சபைக்காரி. நல்ல மனுஷி போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க சபைக்கு ரெண்டு தரம் வந்திருக்கார்" என்றாள் அவள் மெல்ல. "அப்படி ஒரு சாட்சியை நான் கேட்டதே இல்ல. நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, "அந்தப் பிள்ளையோட அம்மா" என்றாள்.

வெளிச் சபைக்காரி கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைக் குழப்பத்தோடு ஏறிட்டுப் பார்த்தாள்.

"எந்தப் பிள்ளை? அந்தப் பிள்ளையா? அவங்க அம்மா அப்பவே ஏங்கி ஏங்கிச் செத்துப்போயிட்டாங்கன்னுல்ல சொன்னாரு. சாகும்போது இவரைக் கூப்பிட்டு, தலையில கைவெச்சு மன்னிச்சுட்டுத்தான் கண்ணை மூடினாங்களாம். அதைச் சொல்லும்போது அழாத ஆளே இல்லையே."

முன்னால் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் ஒரு முனையைப் பிடித்திருந்தான்.

"இன்னும் சாகல" என்றாள் மன்னிப்பம்மா.

எழுந்து பையை எடுத்துக்கொண்டு, இடம் விடச் சொல்லி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மத்தியான வேலைக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது. மரக்கடையை மூடியிருந்தார்கள். சுற்றுவழியில் போனால் நேரமாகிவிடும் என்று அந்த வழியாகவே நடந்தாள்.